மலை உச்சியில் இருந்தது என்ன?



"அழாதே, பூச்சாண்டி வர்றான்" என்று சொல்லாத வீடு நம் தோட்டத்து லயங்களில் உண்டா? விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டிய தாய்க்குப் பிள்ளை சீக்கிரம் தூங்கினால் போதும். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு கதை.

1954-இல் இங்கிலாந்தில் வெளிவந்த நாவல், 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்'. ஈக்களின் தலைவன் என்று பொருள். எழுதிய வில்லியம் கோல்டிங் நம்மைப் போல ஒரு வாத்தியார். சால்ஸ்பரி நகரில் ஆண்பிள்ளைகள் பள்ளியில் பாடம் நடத்தியவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். 1944-இல் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியபோது அங்கே இருந்தவர். மனிதனுக்கு மனிதன் என்ன செய்வான் என்று பார்த்துவிட்டு வந்துதான் இந்தக் கதையை எழுதினார். 1983-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

போர்க்காலம். விமானம் விழுந்து, ஆளில்லாத தீவில் சிறுவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். பெரியவர் ஒருவர்கூட இல்லை. ரால்ப் என்பவனைத் தலைவனாக்குகிறார்கள். சங்கைக் கையில் வைத்திருப்பவன்தான் பேசலாம் என்று ஒரு சட்டம். எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறது.

முகத்தில் மச்சமுள்ள ஒரு பொடியன், இருட்டில் பாம்பு மாதிரி ஒரு மிருகத்தைப் பார்த்ததாகச் சொல்கிறான். பெரிய பையன்கள் சிரிக்கிறார்கள். ஆனாலும் இரவில் பிள்ளைகள் அலறத் தொடங்குகிறார்கள். அப்படி ஒரு மிருகம் கதையில் கிடையவே கிடையாது. முதலில் பாம்பு என்கிறார்கள். பிறகு கடலிலிருந்து வருகிறது என்கிறார்கள். கடைசியில் மலை உச்சியில் உட்கார்ந்திருக்கிறது என்கிறார்கள். பயம் முதலில் வந்துவிட்டது; உருவத்தைத்தான் அது தேடிக்கொண்டே இருக்கிறது.

உச்சியில் இருந்தது என்ன தெரியுமா? வானத்தில் நடந்த சண்டையில் செத்து, பாராசூட்டோடு வந்து விழுந்த ஒரு வீரனின் உடல். காற்றடித்தால் கயிறு இழுத்து உடல் நிமிரும். காற்று நின்றால் குனியும். பெரியவர்கள் போட்ட சண்டையில் செத்த மனிதன் பிள்ளைகளுக்குப் பேயாகிவிட்டான். இந்த இடம் வந்தால் இன்றும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன்.

ஜாக் என்பவனுக்குத் தலைவனாக ஆசை. இறைச்சி தருகிறேன், காவல் தருகிறேன் என்று பயந்த பிள்ளைகளைத் தன் பக்கம் இழுக்கிறான். பன்றித் தலையைக் கழியில் குத்தி மிருகத்துக்குப் படையல் வைக்கிறான். அதை மொய்க்கும் ஈக்கள்தான் தலைப்பில் இருப்பவை. மிருகம் இல்லையென்று ஆகிவிட்டால் ஜாக்கை யார் தேடுவார்கள்?

சைமன் என்று ஒரு பையன், அடிக்கடி மயங்கி விழுபவன். மிருகம் நாமாகவே இருக்குமோ என்று கூட்டத்தில் சொல்லப் பார்த்தான், கேலி செய்தார்கள். அவன்தான் தனியே மலையேறி, பிணத்தைப் பார்த்து, சிக்கிய கயிற்றை விடுவித்து, சேதி சொல்ல ஓடி வருகிறான். கீழே இடி மின்னலில் பையன்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இருட்டிலிருந்து வந்தவனை மிருகம் என்று அடித்தே கொன்றுவிடுகிறார்கள். நல்லவன் ரால்பும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அன்றிரவே காற்று வீரனின் உடலைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. மிருகம்தான் வேடம் போட்டு வந்தது, அது சாகவில்லை என்கிறான் ஜாக்.

இனி என் கதை. வகுப்பு இரைச்சலை அடக்க, பள்ளிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பழைய ஸ்டோரில் பேய் இருக்கிறதென்று கட்டிவிட்டேன். நல்ல பலன். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. பிறகு வேறு தோட்டத்திலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். வலிப்பு உள்ளவன். காலைக் கூட்டத்தில் ஒருநாள் விழுந்துவிட்டான். இரண்டே வாரத்தில் அவன் பக்கத்தில் உட்கார ஆளில்லை. 'ஸ்டோர் பேய் பிடிச்சவன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் நெற்றியில் கல் பட்ட காயத்தோடு வந்து நின்றான். எறிந்தது யாரென்று சொல்லவில்லை.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கோல்டிங் கதையைச் சொன்னேன். சைமன் செத்த இடத்தில் நிறுத்தினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "சார், மலையில இருந்தது பேய் இல்லன்னு அப்புறம் யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை என்றேன். மறுநாள் காலைக் கூட்டத்தில், ஸ்டோர் பேய் நான் கட்டிய கதை என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். பாதிப் பிள்ளைகள் நம்பவில்லை. கிராணி ஐயாவிடம் ஸ்டோர் சாவி கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகப் போகிறேன். எங்கள் தோட்டத்துப் பெற்றோரும் வரலாம். டார்ச்லைட் இருந்தால் கொண்டு வாருங்கள்.