டவர் வந்தா கேன்சர், டவர் வந்தா லட்சம்: ரெண்டையும் நம்பாதீங்க தோழர்களே!



போன வாரம் நம்ம பக்கத்தோட இன்பாக்ஸுக்கு ஒரே நாள்ல ரெண்டு செய்தி வந்தது. ரெண்டும் ஒரே ஒன்றியத்திலிருந்து. ஊர்ப் பேரைச் சொல்லப் போறதில்லை, சம்பந்தப்பட்டவங்க சங்கடப்படுவாங்க.

முதல் செய்தி ஒரு கிளைத் தோழர் அனுப்பியது. "எங்க தெருவுல செல்போன் டவர் போட அளந்துட்டுப் போயிருக்காங்க. கதிர்வீச்சால கேன்சர் வரும், கரு கலையும், குழந்தைங்களுக்கு மூளை பாதிக்கும். கட்சி சார்பா மறியல் அறிவிக்கணும்." கூடவே ஒரு வாட்ஸ்அப் ஆடியோ, செத்துக் கிடக்கிற பறவைகளோட படம் ஒண்ணு.

இரண்டாவது செய்தி ஒரு தங்கை அனுப்பியது. அவங்க அப்பாவோட காலி மனையில் டவர் வைக்க ஒரு கம்பெனி தேர்வு செஞ்சிருக்காம். முன்பணம் 30 லட்சம், மாச வாடகை 25 ஆயிரம், வீட்டுல ஒருத்தருக்கு வேலை. சிங்க முத்திரை போட்ட கடிதம் வேற. பதிவுக் கட்டணம்னு ஆரம்பிச்சு, வரி, காப்பீடு, தடையில்லாச் சான்றுன்னு மூணு தவணையா 62,000 ரூபாய் கட்டியாச்சு. அம்மாவோட வளையலை அடகு வச்சுக் கட்டினது. இப்போ அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். "அப்பா ரெண்டு நாளா சாப்பிடலை, யார்கிட்டயும் சொல்லவும் விடமாட்டேங்கறார்" என்று எழுதியிருந்தார்.

ஒரு பக்கம் டவர் வந்தா செத்துருவோம்னு பயம். நாலு கிலோமீட்டர் தள்ளி, டவர் வந்தா வாழ்க்கை மாறிடும்னு ஆசை. ரெண்டையும் கொண்டு வந்து சேர்த்தது ஒரே வாட்ஸ்அப்.

மறியல் அறிவிக்க முடியாதுன்னு அந்தத் தோழருக்குப் பதில் போட்டோம். அவருக்கு வந்ததே கோபம்! "கார்ப்பரேட்டுக்கு விலை போயிட்டீங்களா?"ன்னு கேட்டுட்டார். இருபது வருஷமா கொடி கட்டுற தோழர். அவர் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிட்டுப் போறது மரியாதை இல்லை. அதனாலதான் இந்த நீண்ட பதிவு.

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு அணுகுண்டும் எக்ஸ்ரேயும் ஞாபகத்துக்கு வருது. ஆனா சூரிய வெளிச்சமும் கதிர்வீச்சுதான். ரேடியோவில் பாட்டு கேட்டோமே, அதுவும் அந்தக் குடும்பம்தான். எக்ஸ்ரே மாதிரி அதிக அதிர்வெண் கொண்ட கதிர்களுக்கு நம்ம உடம்போட டி.என்.ஏ.வை உடைக்கிற சக்தி உண்டு. செல்போன் அலைக்கு அது கிடையாது. நம்ம ஊர் 5ஜி பெரும்பாலும் ஓடுற 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கிட்டா, நாம கண்ணால பார்க்கிற வெளிச்சத்தோட அதிர்வெண் அதைவிட லட்சம் மடங்குக்கு மேல். வீட்டு வைஃபை ஓடுறதே 2.4, 5 கிகாஹெர்ட்ஸில். இந்த அலைகள் அளவுக்கு மீறினா சூடாக்கும். அதுக்குத்தான் வரம்பு வச்சிருக்காங்க. சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் டவருக்கு அனுமதின்னு 2012-ல் இந்தியாவில் விதி கொண்டு வந்தாங்க.

இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. இதை அந்தத் தோழர் ஒருமுறை யோசிச்சுப் பார்க்கணும்னு கேட்டுக்கறோம்.

மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது போன் சூடாகி, சார்ஜ் மளமளன்னு இறங்குமே, கவனிச்சிருக்கீங்களா? டவர் தூரத்தில் இருந்தா, போன் தன்னோட முழு பலத்தையும் போட்டுக் கத்த வேண்டியிருக்கு. அதான் காரணம். டவர் பக்கத்தில் இருந்தா போன் மெதுவாப் பேசினாலே போதும். நம்ம காதோட ஒட்டிக்கிட்டு இருக்கிறது டவர் இல்லை, போன். தூரம் ரெண்டு மடங்கானா அலையோட பலம் நாலில் ஒண்ணாக் குறைஞ்சிடும். டவரோட ஆன்டெனாவும் கீழே பார்த்து வீசுறதில்லை, பக்கவாட்டில் வீசுது. அதனால, டவரைத் தெருவிலிருந்து விரட்டிட்டா உங்க தலைக்கு வர்ற அலை குறையாது. கூடத்தான் வாய்ப்பு.

"உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் பட்டியலில் போட்டிருக்கே?"ன்னு கமெண்ட் வரும், தெரியும். உண்மைதான். 2011-ல் அதோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ரேடியோ அலைகளை 2பி என்ற பிரிவில் சேர்த்தது. "வரக்கூடும், ஆனா சான்று போதாது" என்று பொருள். அதே 2பி பட்டியலில் ஆசியப் பாணியில் ஊறவைத்த காய்கறி இருக்கு. சோத்துக் கத்தாழையின் முழு இலைச் சாறும் இருக்கு. கத்தாழைக்கு எதிரா யாரும் மறியல் கேட்டதில்லை. 2024-ல் அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தாங்க. செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணோம்னு முடிவு வந்தது. நாளைக்கு வேற சான்று வந்தா நாமளும் பேச்சை மாத்துவோம், அதில் வெட்கம் இல்லை. இன்னிக்குக் கையில் இருக்கிறதை வச்சு மக்களை ரோட்டில் உட்கார வைக்க முடியாது.

அந்தப் பறவைப் படம் பற்றி. 2018-ல் '2.0' படம் பார்த்துட்டு வெளியே வந்தப்போ நம்ம எல்லாருக்குமே போனைத் தூக்கிப் போடலாமான்னு தோணுச்சு. படம் படமா நல்லாத்தான் இருந்தது. ஆனா இங்கிலாந்தில் சிட்டுக்குருவி குறைய ஆரம்பிச்சது 1970-களில். அப்போ செல்போன் ஏது? கூடு கட்ட ஓட்டு வீட்டு இடுக்கு இல்லை, குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லை. கான்கிரீட்டும் பூச்சிமருந்தும் செஞ்ச வேலைக்கு டவர் மேல பழி. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-ல் வந்த அறிக்கை, பெருநகரங்களில் குருவி குறைஞ்சிருக்கு, நாடு முழுக்கப் பார்த்தா எண்ணிக்கை ஏறக்குறைய நிலையா இருக்குன்னு சொல்லுது. குருவி மேல அக்கறை இருக்கிறவங்க வயலில் எவ்வளவு மருந்து அடிக்கிறோம்னு முதல்ல பார்க்கலாம்.

இதையெல்லாம் பெரிய அறிவாளி மாதிரி சொல்றோம்னு நினைக்காதீங்க. நாங்களும் ஏமாந்திருக்கோம். 2021 மே மாசம், இரண்டாம் அலை உச்சத்தில், "இது கொரோனா இல்லை, 5ஜி சோதனை"ன்னு ஒரு ஆடியோ சுத்துச்சே, அது நம்ம மாவட்டக் குழுக்களிலும் சுத்துச்சு. அட்மின்கள் இருந்த குழுவிலும்தான். ஒருத்தர்கூட மறுத்துப் பேசலை. அந்தச் சமயம் இந்தியாவில் எங்கேயுமே 5ஜி சோதனை தொடங்கலைன்னு தொலைத்தொடர்புத் துறை அறிக்கை விட வேண்டி வந்தது. ஆக்சிஜனுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்க நின்ன நேரத்தில் நாம டவரைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். அந்த மௌனம் இன்னிக்கும் உறுத்துது.

ஃபார்வர்டு பண்றதுல என்ன நஷ்டம், உண்மையா இருந்தா நல்லதுதானேன்னு கேக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் நின்னது. அதில் ஒரு மூதாட்டி, அங்க விளையாடிக்கிட்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு அதுக்கு முன்னாடி பல நாளா வாட்ஸ்அப்பில் சுத்திக்கிட்டிருந்தது. ஊர் கூடி அடிச்சதில் அந்த அம்மா செத்துப் போனார். அந்த வருஷம் நாட்டில் இப்படிப் பல இடத்தில் உயிர் போனதுக்கப்புறம்தான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் அஞ்சு பேருக்கு மேல அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வச்சது. அனுப்பினவங்க யாரும் கொலைகாரங்க இல்லை. "எதுக்கும் இருக்கட்டும்"னு அனுப்பினவங்கதான்.

சரி, ஆசைப் பக்கத்துக்கு வருவோம்.

2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன்னு நொய்டா கம்பெனி ஒண்ணு விளம்பரம் கொடுத்தது, ஞாபகம் இருக்கா? பத்திரிகைக்காரங்களுக்குக் கொடுத்த மாதிரி போனில் வேற கம்பெனி பேரை ஒயிட்னர் வச்சு மறைச்சிருந்தாங்க. அப்படியும் கூட்டம் மொய்ச்சு, முன்பதிவு தொடங்கின கையோட இணையதளம் படுத்துடுச்சு. 7 கோடிப் பேர் பதிவு செஞ்சதா அந்தக் கம்பெனியே சொல்லிக்கிச்சு. அதே வருஷம் நவம்பரில் 2000 ரூபாய் நோட்டு வந்தது. அதுக்குள்ள சிப் இருக்கு, பூமிக்கடியில் புதைச்சாலும் செயற்கைக்கோள் கண்டுபிடிச்சுடும்னு டிவியிலேயே சொன்னாங்க. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சிக்னலை அனுப்ப மட்டும்தான் செய்யும், கீழே இருக்கிற கருவிக்கு பேட்டரி வேணும்னு கேட்க ஆளில்லை. நோட்டு 2023-ல் திரும்பப் போயிடுச்சு. சிப் எங்க போச்சோ!

டவர் வாடகை மோசடி இந்த ரகம்தான், ஆனா குறி வைக்கிறது சின்னக் குடும்பங்களை. மழை பொய்ச்ச மானாவாரி நிலம், விக்காத மனை, வேலை இல்லாத பிள்ளை. அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுறாங்க. தொலைத்தொடர்புத் துறையும் டிராயும் பலமுறை அறிவிச்சாச்சு: டவர் வைக்க இடம் பிடிக்கிறதில் எங்களுக்கு எந்த வேலையும் இல்லை, அதுக்கு வரியோ கட்டணமோ தடையில்லாச் சான்றோ நாங்க கொடுக்கிறதோ வாங்குறதோ இல்லைன்னு. உண்மையான டவர் கம்பெனி உங்களுக்குத்தான் வாடகை தரும். உங்ககிட்ட முன்பணம் கேட்டாலே அது திருட்டுதான், மேல பேச வேண்டாம். பணம் கட்டிட்டீங்கன்னா வெட்கப்பட்டுக்கிட்டு உட்காராம உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, அந்தக் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கு. அந்தத் தங்கையோட அப்பா வெட்கத்தில் ரெண்டு நாள் கடத்திட்டார்.

பெரிய மேடையில் நடக்கிறதும் கொஞ்சம் அப்படித்தான். 2022 அக்டோபர் 1-ம் தேதி 5ஜி தொடங்கினப்போ, பிரதமர் டெல்லியில் உட்கார்ந்துக்கிட்டே ஸ்வீடனில் இருக்கிற காரை ஓட்டிக் காட்டினார். கைதட்டினோம். சரி, நம்மில் யாருக்கு ஸ்வீடனில் கார் இருக்கு? அதுக்கு முந்தின வருஷம்தான் நாமக்கல் மாவட்டத்தில் பிள்ளைங்க சிக்னலுக்காக ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கவனிச்ச படம் வந்தது. 2024 ஜூலையில் மூணு தனியார் கம்பெனிகளும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏத்தினாங்க. "அளவில்லா 5ஜி" வேணும்னா அதிக விலைத் திட்டத்துக்குப் போன்னு சொல்லிட்டாங்க. சாதா போன் வச்சிருக்கிற பாட்டிக்கும் ரீசார்ஜ் ஏறிடுச்சு. அந்த வாரம் நம்ம குழுக்களில் கதிர்வீச்சு ஃபார்வர்டு எத்தனை, கட்டண உயர்வு பற்றிய பதிவு எத்தனைன்னு நீங்களே மேலே தள்ளிப் பாருங்க.

கார்ப்பரேட்டுக்கு விலை போனீங்களான்னு கேட்ட தோழருக்கு நாங்க சொல்ல வர்றது இதுதான். கேன்சர்னு நாம கூச்சல் போட்டா கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ரெண்டு ஆய்வறிக்கையைக் காட்டிட்டுப் போயிடுவான், நாம வாயடைச்சு நிக்கணும். அவன் பதில் சொல்ல முடியாத கேள்விகள் வேற இருக்கு. கட்டுமான உறுதிச் சான்று வாங்கியிருக்கா? புயல் காத்துக்குத் தாங்குமா? ராத்திரி முழுக்க ஓடப்போற டீசல் ஜெனரேட்டரோட புகையும் சத்தமும் யார் வீட்டு ஜன்னலுக்குப் போகும்? ஊராட்சிக்கு வரி கட்டுவானா? நிலம் கொடுத்தவர்கிட்ட போட்ட ஒப்பந்தம் தமிழில் இருக்கா, படிச்சுக் காட்டினாங்களா? இந்த அஞ்சையும் எழுதி வர்ற கிராமசபையில் வைங்க. ஒன்றியச் செயலாளர் கூட வந்து உட்காருவார், பேசியாச்சு.

கதிர்வீச்சுச் சந்தேகத்தையும் ஒதுக்கித் தள்ளலை. டவர் அலையை அளந்து காட்டச் சொல்லிப் பொதுமக்களே விண்ணப்பிக்கலாம். தொலைத்தொடர்புத் துறையோட 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் 4,000 ரூபாய் கட்டணம் கட்டினா, அதிகாரிகள் கருவியோட நேரில் வந்து அளப்பாங்க. அந்தத் தெருவில் டவர் இயங்க ஆரம்பிச்சதும் மாவட்டக் குழு அந்தப் பணத்தைக் கட்டும். அளக்கும்போது மறியல் கேட்ட தோழரே பக்கத்தில் நிக்கட்டும். வர்ற எண்ணை, எப்படி வந்தாலும், இதே பக்கத்தில் போடுவோம். வரம்பைத் தாண்டியிருந்தா மறியலுக்கு முதல் ஆளா நாங்க வந்து உட்காருவோம்.

அந்த 62,000 ரூபாய் விஷயத்தில் சைபர் கிரைம் புகார் கொடுத்தாச்சு, வழக்கறிஞர் அணித் தோழர் ஒருத்தர் கூடவே இருக்கார். அந்தப் போலிக் கடிதத்தை, பேர் விலாசத்தை மறைச்சு, முதல் கமெண்ட்டில் போட்டிருக்கோம். இதே மாதிரி கடிதம் உங்க வீட்டுக்கோ தெரிஞ்சவங்க வீட்டுக்கோ வந்திருந்தா, படம் எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்க. பணம் கேட்ட போன் நம்பரும் வங்கிக் கணக்கு எண்ணும் தெளிவாத் தெரியணும்.