ஒரே குத்தில் எதிரி வீழ்ந்தால் கதை நிற்குமா?

ஒரே ஒரு குத்து. மலை போன்ற அரக்கன் தூள் தூளாகிறான்!

அடுத்த எதிரி வருகிறான். அவனுக்கும் ஒரே குத்துதான்!

இப்படிப்பட்ட வீரர்கள் ஜப்பான் நாட்டுப் படக்கதைகளில் நிறைய இருக்கிறார்கள். அந்தப் படக்கதைகளுக்கு "மங்கா" என்று பெயர். ஜப்பானில் தயாராகும் அசையும் சித்திரப் படங்களுக்கு "அனிமே" என்று பெயர்.

இந்தப் படங்கள் இப்போது தமிழ் பேசுகின்றன. "டீமன் ஸ்லேயர்" என்ற அனிமே படம் 2025 செப்டம்பரில் தமிழிலும் தியேட்டர்களுக்கு வந்தது. செல்போனில் பார்க்கும் பிள்ளைகளும் ஏராளம்.

ரசிகர்களிடையே ஒரு வழக்கு நடக்கிறது. "யாராலும் வெல்ல முடியாதவன் கதாநாயகன் ஆனால், கதை கெட்டுவிடும்" என்கிறது ஒரு கட்சி. "பலசாலியைப் பார்ப்பதில்தான் இன்பம்" என்கிறது மறு கட்சி.

எந்தக் கட்சி சரி?

காலாப்பட்டில் ஒரு பெயர்

விடை தேடி ஜப்பானுக்குப் போக வேண்டாம். காலாப்பட்டுக்குப் போனால் போதும்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது காலாப்பட்டு. 1985-ம் ஆண்டு ஏற்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அதில் நாடகம் கற்பிக்க ஏற்பட்ட பள்ளிக்கு சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் சூட்டப்பட்டது.

தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படுபவர் சுவாமிகள். 1922-ல் அவர் காலமானது புதுச்சேரியில்தான்.

அவருடைய "வள்ளி திருமணம்" நாடகம் இன்றும் தென் மாவட்டக் கோயில் திருவிழாக்களில் நடக்கிறது.

அதன் கதாநாயகன் யார்? முருகப் பெருமான்! சூரனை வென்றவர். அவரைவிடப் பலசாலி உண்டா?

ஆனால் தினைப்புனத்தில் அந்தப் பலம் பலிக்கவில்லை. வள்ளி இணங்க மறுக்கிறாள். வேலை எறிந்து ஒரு பெண்ணின் மனதைப் பெற முடியுமா?

வேடனாக வருகிறார். கிழவனாக வருகிறார். வாதாடிப் பார்க்கிறார். அவளும் விடாமல் பதில் சொல்கிறாள். கடைசியில், யானையாக வரும்படி அண்ணன் விநாயகரைத் துணைக்கு அழைக்கிறார்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள்!

காரணம் இதுதான். நாயகனுக்குப் பலம் இருப்பது குற்றமல்ல. பலத்தால் பெற முடியாத ஒன்றை அவன் தேட வேண்டும். அங்கேதான் கதை பிறக்கிறது.

மொட்டைத் தலை வீரன்

ஜப்பானியக் கதைகளிலும் நல்லவை இப்படித்தான் இருக்கின்றன.

"ஒன் பன்ச் மேன்" என்ற கதை 2009-ல் தொடங்கியது. 2015-ல் டெலிவிஷனுக்கு வந்தது. அதன் நாயகன் சைதாமா. மொட்டைத் தலை. ஒரே குத்தில் யாரையும் வீழ்த்துவான்.

ஆனால் அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. சண்டை சலித்துவிட்டது. கடையில் மலிவு விற்பனை நடக்கும் நாளைத் தவறவிட்டால் வருந்துகிறான்!

ஒரு கட்டத்தில், மற்ற வீரர்கள் அடிபட்டு விழுந்தபின் அவன் எதிரியை முடிக்கிறான். பார்த்தவர்கள் விழுந்த வீரர்களை இகழ்கிறார்கள். உடனே அவன், "அவர்கள் எதிரியைக் களைக்க வைத்ததால்தான் என்னால் முடிந்தது" என்ற பொருள்படப் பேசுகிறான். புகழைத் தூக்கி எறிந்து மற்றவர் மானத்தைக் காக்கிறான்.

அந்தக் காட்சியில் மனதைத் தொடுவது அவனுடைய குத்து அல்ல, அவனுடைய குணம்!

"டிராகன் பால்" கதை 1984 முதல் 1995 வரை வந்தது. அதில் கோகு என்ற சிறுவன் மாபெரும் குஸ்திப் போட்டியில் இரண்டு முறை இறுதிச் சுற்றில் தோற்கிறான். மூன்றாவது முறைதான் ஜெயிக்கிறான். தோற்றவன் ஜெயித்ததால்தான் அந்த வெற்றி இனித்தது.

கெடுவது எங்கே?

அப்படியானால் குறை சொல்பவர்கள் பேச்சில் உண்மை இல்லையா? இருக்கிறது.

கொரியாவில் பிறந்த "சோலோ லெவலிங்" கதை 2024-ல் அனிமேயாக வந்தது. தொடக்கத்தில் நாயகன் எல்லோரையும்விடப் பலவீனமானவன். உயிருக்குப் போராடுகிறான். பார்ப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. அவன் பலம் ஏற ஏற, கூட இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாக ஆகிவிடுகிறார்கள். கவலை குறைகிறது. கதையின் சூடும் குறைகிறது.

இரும்புக் கை

இந்த ரகசியம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். 1972-ல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் புத்தகம் "இரும்புக்கை மாயாவி". பிரிட்டனில் பிறந்த கதை அது.

மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவான். ஆனால் இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும்! அந்த ஒரு குறைதான் கதைக்கு உயிர் கொடுத்தது. முழுவதும் மறைந்திருந்தால் அவனை யார் பிடிக்க முடியும்? பிடிக்க முடியாதவனுக்காக யார் பயப்படுவார்கள்?

1995-ல் வந்த "பாட்ஷா" படத்தையும் சொல்லலாம். ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கப்படுகிறான். குடும்பத்துக்காகப் பொறுத்துக்கொள்கிறான். அவன் திருப்பி அடித்தபோது எழுந்த கைதட்டலுக்கு, அவன் வாங்கிய அடிதான் காரணம்.

பிள்ளைகளுக்கு எது துணை?

நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள் அரை மணி நேரம் வெல்ல முடியாத வீரனைப் பார்த்து மகிழ்வதில் தவறில்லை. அது நல்ல பொழுதுபோக்கு.

ஆனால் பரீட்சையில் தவறிய பையனுக்கும், வேலை கிடைக்காமல் திரும்பிய பெண்ணுக்கும், தோற்றே அறியாத வீரன் என்ன சொல்ல முடியும்? விழுந்து எழுந்தவன்தான் அவர்களுக்குத் துணை. இதனால்தான் இந்த வழக்கு வெறும் விளையாட்டுப் பேச்சு அல்ல.

பிள்ளைகள் கையிலிருந்து செல்போனைப் பிடுங்குவதால் பயன் இல்லை. பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்:

"இந்த வீரன் எதற்குப் பயப்படுகிறான்?"

பிள்ளை யோசித்துப் பதில் சொன்னால் அது நல்ல கதை. "எதற்குமே பயப்பட மாட்டான்" என்று சொன்னால், அடுத்த கதையைத் தேடலாம்!