மாளிகையைப் பார்த்தவர்கள் கிட்டங்கியைப் பார்க்கவில்லை

செட்டிநாடு என்றதும் எல்லோரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மாளிகைகளுக்குத்தான். பர்மா தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி... "வாழ்ந்தா இப்படி வாழணும்டா!" என்று ஒரு பெருமூச்சு வேறு.

இந்தப் பெருமூச்சுதான் பிரச்சனையே!

அந்த வீடுகளைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? பர்மா, மலாயா, இலங்கையில் இருந்த கிட்டங்கிகளில் இருந்து. கிட்டங்கி என்றால் ஏதோ பங்களா என்று நினைக்க வேண்டாம். நீளமான ஒரு கூடம், ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய், அவ்வளவுதான். பகலில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கணக்கு, ராத்திரி அங்கேயே தூக்கம். குடும்பம் ஊரில் இருக்கும். ஒரு தவணைக்குப் போனால் மூன்று வருஷம். பெட்டியடிப் பையன்கள் வட்டிக் கணக்கு பழகியது இங்கேதான். யாரும் பார்க்கவில்லை, யாரும் கைதட்டவில்லை. (அந்த வட்டியால் பர்மிய விவசாயிகள் நிலம் இழந்தது தனிக் கதை. அதையும் மறைக்கக் கூடாது.)

1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்த சொத்தில் பெரும்பகுதி திரும்பி வரவேயில்லை. கணக்கும் தொழிலும் தெரிந்தவர்கள் வேறு ஊரில் வேறு தொழில் பார்த்துப் பிழைத்தார்கள். மாளிகைகள்? பல பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றின் தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. ஊர் வாய் பிளக்கக் கட்டிய வாசலுக்கு எதிரே இன்று வாய் பிளக்க ஆள் இல்லை!

இதே மண்ணில்தான் அழகப்பச் செட்டியாரும் பிறந்தார் (1909-1957). 1947ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953ல் 'சிக்ரி' திறக்கப்பட்டது. கோட்டையூரில் இருந்த தன் மாளிகையையே பெண்கள் கல்லூரி தொடங்கக் கொடுத்தார். ஊரே வீட்டைக் காட்டிப் பெருமைப்பட்டபோது, வீட்டை வேலைக்கு அனுப்பிய மனிதர் அவர்!

"பணம் இருந்தது, கொடுத்தார்" என்பார்கள். பணம் இருந்தவர் அவர் ஒருவர்தானா? "அவர் பேரும்தானே போர்டில் இருக்கிறது?" இருக்கிறது. ஆனால் அந்தப் பேர் வேலைக்குப் பின்னால் வந்தது. பேருக்காக வேலை நடக்கவில்லை.

இன்றைய மாணவன் என்ன செய்கிறான்? சொந்தக்காரர் கல்யாணத்தில் சொல்லிக்கொள்ள ஒரு கோர்ஸ். நண்பர்களிடம் காட்ட தவணையில் ஒரு போன். கோச்சிங் சென்டரில் சேர்ந்த அன்றே ஸ்டேட்டஸ், "கலெக்டர் லோடிங்"! வாழ்த்து குவிகிறது. பரீட்சை பாஸானது போலவே இருக்கிறது. அப்புறம் புத்தகத்தை எதற்குத் திறக்க வேண்டும்? இது செங்கல் வாங்கும் முன்பே கிரகப்பிரவேசம் வைப்பது.

"நாலு பேர் மதிக்க வேண்டாமா?" வேண்டும்தான். ஆனால் அந்த நாலு பேர் யாருடைய ஃபீஸையும் கட்டப்போவதில்லை, யாருக்காகவும் பரீட்சை எழுதப்போவதில்லை. அடுத்த வாரம் அவர்கள் பார்வை வேறு வீட்டு வாசலுக்குப் போய்விடும். 'சிக்ரி'யிலோ இன்றும் யாரோ ஒருவர் பேட்டரியையும் துருவையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். செல்ஃபி எடுக்க அங்கே யாரும் வருவதில்லை.

மாளிகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், அதற்கு முன்னால் ஒரு மூன்று வருஷம் கிட்டங்கியில் இருந்து பார்க்கட்டும்.