ரவுணுக்கு இரவும் வேணும்

இரவு எட்டரைக்குப் பிறகு யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள போய்ப் பாருங்கோ. கஸ்தூரியார் வீதியில் அநேகமான கடைகள் பூட்டு. போர்க்கால ஊரடங்கு பழக்கிவிட்ட நேரத்துக்கே நகரம் இன்னும் படுக்கப் போகுது.

இரவில ரவுணைத் திறந்தால் போதை பெருகும், கலாசாரம் கெடும் எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். அப்ப நல்லூர்த் திருவிழா? 25 நாளும் வீதியை மறித்து வாகனத்தை நிறுத்துகிறோம், லைற் போடுகிறோம், தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை இரவிலும் நடமாடுகிறார்கள். கச்சான் கடைக்காரருக்கும் வியாபாரம். சனம் நிறைந்த வீதியில்தான் பெண்களுக்குப் பயம் குறைவு. வெறிச்சோடிக் கிடக்கும் வீதிதான் போதைக்காரருக்கு வசதி.

நாங்கள் மதுச்சாலை கேட்கேல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கஸ்தூரியார் வீதியை பத்து மணிவரை நடப்பவர்களுக்கு விடுங்கோ. எங்கட பீடத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறவர்கள் அங்கே கூத்துப் போடட்டும். சின்ன வியாபாரிகள் கடை விரிக்கட்டும். எரிகிற தெருவிளக்கு, சுத்தமான மலசலகூடம், பத்தரைக்குக் கடைசி பஸ் — மாநகரசபையும் போக்குவரத்துச் சபையும் சேர்ந்தால் முடியாத காரியமில்லை.

இவற்றில் முதலில் வேண்டியது அந்த பஸ்தான். அது இல்லாதவரை, ரவுணின் இரவு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற பெடியளுக்கு மட்டும்தான் சொந்தம்.