திருமுறை பாடும் பெண்பிள்ளைகளும் திருக்கோயிலும்

காரைக்கால் அம்மையாரின் வரலாற்றைக் கற்பித்து முடித்த ஒரு நாளில் மாணவி ஒருத்தி எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினாள். "சாமியைப் பாடப் பெண்ணுக்கு உரிமை இருந்தது. கோயிலில் பூசை செய்ய மட்டும் ஏன் இல்லை?" என்பதே அது. பெரியவர்கள் பலர் இதற்கு, "அது அப்படித்தான்" என்று விடை கூறிவிடுகின்றனர். அந்த விடை இந்நாட்டில் வளரும் பிள்ளைக்குப் போதாது. ஏன் என்று கேட்கப் பள்ளிக்கூடத்தில் பழகிய பிள்ளை, சமயத்தில் அவ்வாறு கேட்கக்கூடாது என்று அறிந்தால் மெல்ல விலகிச் சென்றுவிடும். ஆதலின் உண்மையான விடையை நாம் தேட வேண்டியவர்களாகின்றோம்.

எமது சமயத்தின் வேரிலே பெண்கள் இருக்கின்றனர். தேவார மூவருக்கும் முற்பட்டவர் காரைக்கால் அம்மையார். அறுபத்துமூன்று நாயன்மாருள் அவரோடு மங்கையர்க்கரசியாரும் இசைஞானியாரும் உளர். அப்பரைச் சைவத்துக்கு மீட்டவர் அவர்தம் தமக்கையார் திலகவதியார். பிள்ளையார் சந்நிதியில் நாம் ஓதும் விநாயகர் அகவல் ஔவையார் அருளியதாகும். மார்கழியில் வைணவர் ஓதும் திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் ஆண்டாளுடையவை.

பூசையின் நிலை வேறு. ஆகம வழிக் கோயில்களிலே தீட்சை பெற்ற சிவாசாரியர்களே கருவறையில் பூசை செய்கின்றனர். ஆண்களிலும் ஏனையோருக்கு அங்கே இடமில்லை. இதனைப் பிள்ளைகளுக்கு மறையாது கூறுதல் வேண்டும். அதேவேளை, எல்லா வழிபாட்டு மரபுகளும் இவ்வாறானவை அல்ல என்பதையும் கூறுதல் வேண்டும். மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி வழிபாட்டில் பெண்களே அபிடேகமும் பூசையும் செய்கின்றனர். மாதவிலக்கு நாட்களும் அங்கே தடையாவதில்லை. இம்மரபு எமது ரொறன்ரோ நகரிலும் வேரூன்றியுள்ளது. இங்குள்ள பெண்கள் அதில் வகிக்கும் தலைமையை ஆராய்ந்து நனெட் ஸ்பினா என்னும் அறிஞர் 2017ஆம் ஆண்டில் ஒரு நூலையே வெளியிட்டார்.

தாயகத்திலும் எமக்கு முன்மாதிரி உண்டு. தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைவராகப் பல்லாண்டு பணியாற்றியவர் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008). ஆசிரியையாகவும் சமயச் சொற்பொழிவாளராகவும் விளங்கிய அவர், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கென மகளிர் இல்லம் ஒன்றையும் நடத்தினார். யாழ்ப்பாணத்துச் சைவ உலகம் அவரது தலைமையை மகிழ்ந்து ஏற்றது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். 2023ஆம் ஆண்டில் மூன்று பெண்கள் அங்கே அர்ச்சகர் பயிற்சியையும் நிறைவு செய்தனர்.

ஆகம முறையை உடனே மாற்றுக என்று நாம் கேட்கவில்லை. முறையைப் போற்றுவோரின் மனம் புண்படுதலும் எமது நோக்கமன்று. ஆயினும் எந்த ஆகமமும் குறுக்கே நில்லாத இடங்கள் சில உள்ளன. எமது பள்ளிகளில் திருமுறைப் போட்டிக்குப் பெண்பிள்ளைகள் பலர் முன்வருகின்றனர். அவர்கள் பெற்ற பரிசுக் கேடயம் வீட்டு அலுமாரியில் நின்றுவிடுகின்றது. கோயிலிலே பூசை வேளையில் பஞ்சபுராணம் ஓத அவர்களை முறைவைத்து அழைத்தால் என்ன? கோயில் அடுக்களையிலும் பூமாலை கட்டுமிடத்திலும் உழைக்கும் தாய்மாருக்கு, பரிபாலன சபையிலும் உரிய ஆசனங்கள் அளித்தால் என்ன?

பெற்றோரிடம் இன்னொன்றையும் வேண்டுகின்றோம். மாதவிலக்கு நாட்களில் பெண்பிள்ளையைத் "தீட்டு" என்னும் சொல்லால் ஒதுக்காதீர்கள். வீட்டு வழக்கம் யாதாயினும் அதன் காரணத்தைத் தாய் அமைதியாக எடுத்துரைக்கட்டும். மகளின் கருத்தையும் கேட்கட்டும். தன் உடலை எண்ணி நாணும் பிள்ளை தெய்வத்தை எவ்வாறு நெருங்குவாள்?

அந்த மாணவிக்கு நாம் இவற்றையெல்லாம் கூறினோம். அவள் சிறிது சிந்தித்துவிட்டு, "அப்படியானால் நான் கோயிலில் பாடலாமா?" என்று கேட்டாள். பாடலாம் என்றோம். அச்சொல் பொய்யாகாதிருக்க, அடுத்த திருவிழாவிலே அவளுக்கும் அவள் தோழியருக்கும் இடமளிக்குமாறு கோயிற் பெரியோரை அன்புடன் வேண்டுகின்றோம்.