ஷாக்கை உயர்த்தினவன் ஸ்டாண்டையும் பார்க்கணும்

பைக்குக்குப் பின்பக்க ஷாக் அப்சர் மாத்தித் தர்ற கடைக்காரங்க மேல எனக்கு ஒரு கோபம் உண்டு. எல்லாரையும் சொல்லலை. ஒரு இஞ்ச் உயரமான ஷாக்கை மாட்டி, காசை எண்ணி வாங்கிக்கிட்டு, சைடு ஸ்டாண்டை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காம வண்டியை அனுப்புறாங்களே, அவங்களை. கேட்டா "ஸ்டாண்டு தனி வேலைண்ணே, வெல்டிங் பட்டறையில பாருங்க"ங்கிறான்.

இதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு பட்டணத்துல இருக்கிறவங்களுக்குத் தோணும். உங்க வண்டி அபார்ட்மென்ட்ல சமதரையில நிக்குது. எங்க ஊர்ப்பக்கம் பைக்குதான் லாரி. 45 கிலோ யூரியா மூட்டை ரெண்டு, இல்லேன்னா 40 லிட்டர் பால் கேன், இல்லேன்னா வண்டியே தெரியாத அளவுக்குப் புல்லுக்கட்டு. இந்தச் சுமைக்குப் பழைய ஷாக் படுத்துடும், மட்கார்டு டயர்ல உரசும். அதனாலதான் மாத்துறோம், ஸ்டைலுக்கு இல்லை.

பின்பக்கம் ஒரு இஞ்ச் ஏறினா, நடுவில ஸ்டாண்டு மாட்டியிருக்கிற இடமும் அரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேல ஏறும். ஸ்டாண்டு நீளம் மட்டும் அப்படியே இருக்கு. அப்போ வண்டி இடப்பக்கம் அதிகமாச் சாயும். வெறும் வண்டியா இருந்தா சாய்ஞ்சபடி நின்னுக்கும். பால் கேனை ஏத்தினா ஸ்டாண்டு தரையில அமுங்கி வண்டி சரியும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல்ல மழை பெஞ்ச மறுநாள் போய்ப் பாருங்க, தெரியும். பால் கொட்டினா ஒரு வேளைக் கூலி போச்சு. பக்கத்துல சின்னப் பிள்ளை நின்னா?

சிலர் செங்கல்லை வச்சுச் சமாளிக்கிறாங்க. செங்கல்லைக் கூடவே எடுத்துக்கிட்டா போக முடியும்? இன்னும் சிலர் ஸ்டாண்டைக் காய்ச்சி வளைக்கிறாங்க. அது இன்னும் மோசம், வளைச்ச இடம் பலம் குறைஞ்சு ஒருநாள் மடங்கிடும்.

சரியான வேலை அரை மணி நேரம்தான். சமதரையில வண்டியை நிறுத்தி, பழைய சாய்மானம் வர்ற வரைக்கும் ஸ்டாண்டுக்கு அடியில மரத்துண்டை அடுக்கி, அந்த உயரத்தை அளக்கணும். அளந்த அளவுக்குத்தான் துண்டு ஒட்டணும். ரொம்ப நீளம் கூட்டினா வண்டி நேரா நிக்கும், சுமை ஏறிப் பின்பக்கம் அமுங்கினதும் வலப்பக்கம் விழும். அதனால வெறும் வண்டியிலயும் சுமையோடயும் ரெண்டு தடவை பார்க்கணும். கூடவே அடியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு ஒட்டிட்டா மண்ணுல இறங்காது.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அதைத்தான் யாரும் சொல்றதில்லை. இரும்பு கூடினா ஸ்டாண்டு கனம் கூடும், பழைய ஸ்பிரிங் அதை மேல பிடிச்சு வைக்காது. மேடு பள்ளத்துல தானா இறங்கும். இடப்பக்கம் திரும்புறப்போ தரையில இடிச்சா ஆள் தூக்கி எறியப்படுவார். அதனால ஸ்பிரிங்கையும் மாத்தணும். மடக்கினா சென்டர் ஸ்டாண்டுல, செயின்ல தட்டாமப் போகுதான்னும் பார்க்கணும். புது வண்டிகள் பலதுல ஸ்டாண்டு இறங்கியிருந்தா இஞ்சினை அணைக்கிற சுவிட்ச் இருக்கு. வெல்டிங் சூட்டுல அதைக் கருக்கிட்டு, ஒயரை முறுக்கி விட்டுட்டுப் போற பட்டறைக்காரனும் உண்டு. ஸ்டாண்டைக் கழட்டி வெளியில வச்சு ஒட்டச் சொல்லுங்க. வண்டியிலயே ஒட்டுறதா இருந்தா பேட்டரி ஒயரைக் கழட்டிட்டுத்தான்.

அந்தக் காலத்துல மாட்டு வண்டிக்குச் சக்கரம் மாத்தின ஆசாரி, மாட்டை அவிழ்த்து முட்டுக்கட்டையில வண்டி எப்படி நிக்குதுன்னு பார்க்காம அனுப்ப மாட்டார். அவர்கிட்ட மீட்டர் டேப் கிடையாது, கடை போர்டும் கிடையாது. 1911ல டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் தொழில் ஆரம்பிச்ச ஊர் இது. இந்த ஊர்ல வண்டி வேலை தெரிஞ்சவனுக்குப் பஞ்சம்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். தெரியும், செய்யறதில்லை, அவ்வளவுதான். ஷாக்குக்குச் சொல்ற விலையிலேயே ஸ்டாண்டு வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கப்பா. நூறு இருநூறு கூட ஆனாலும் கொடுக்கிறோம்.