மலையை விட்டு இறக்கினா மட்டும் போதுமா?

காட்டுக்குள்ள டென்ட் போட்டுத் தங்குறது இப்போ நம்ம மக்களுக்கு நல்லாவே பழகிடுச்சு. ஒரு காலத்துல வெள்ளிங்கிரி, பர்வதமலைன்னு சாமி பேரைச் சொல்லித்தான் மலையேறுவோம். இப்போ கொழுக்குமலையில விடியக்காலை மேகம் பாக்கறதுக்குன்னே கூட்டம் கிளம்புது. 2024 அக்டோபரில் வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்துவிட்டது. சந்தோஷமான விஷயம்தான். நாலு பேர் காட்டைப் பார்த்தால்தான் நாலு பேருக்குக் காட்டு மேல அக்கறை வரும் என்பது என் கட்சி.

சரி, மேட்டருக்கு வருவோம். குப்பை.

"குப்பை போடாதீர்"னு போர்டு வெச்சு ஒருத்தரும் திருந்தினதா சரித்திரம் கிடையாது. அந்த போர்டுக்குக் கீழேயே நாலு சிப்ஸ் கவர் கிடக்கும். ஆனா காசுன்னு சொல்லிப் பாருங்க! வெள்ளிங்கிரி அடிவாரத்தில் தண்ணி பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்கிக்கிட்டு, இறங்கி வந்து காலி பாட்டிலைக் காட்டினா திருப்பித் தர்ற முறையைக் கொண்டு வந்தாங்க. நீலகிரியில் 2022 மே மாதம் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலா வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தா திருப்பித் தர்ற திட்டம் வந்தது. உடைஞ்ச பாட்டில் யானைக் கால்ல குத்தினா என்ன ஆகும்னு யோசிச்சு, உயர்நீதிமன்றம் தலையிட்டு வந்த திட்டம் அது. குடிமகன் தள்ளாடிக்கிட்டே பாட்டிலைப் பத்திரமா எடுத்துட்டு வர்றார்னா அது பத்து ரூபாயோட மகிமை :-)

ஆனா பாட்டில் சுலபமான கேஸ். அதுக்குக் காயலான் கடையில விலை இருக்கு. சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், நூடுல்ஸ் மசாலா பாக்கெட் இதையெல்லாம் எவன் வாங்குவான்? பிளாஸ்டிக், அதுக்கு நடுவுல அலுமினியப் பூச்சு, மறுபடி பிளாஸ்டிக். அடுக்கடுக்கா ஒட்டினதைப் பிரிக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது. இது தெரிஞ்ச நம்மாளு என்ன பண்றான்? ராத்திரி கேம்ப் ஃபயரில் தூக்கிப் போடுறான். காலையில சாம்பலைக் கிளறிப் பாருங்க, பளபளன்னு ஜரிகை மாதிரி அலுமினியம் அப்படியே கிடக்கும். பிளாஸ்டிக் பாதி எரிஞ்சு பாதி உருகிக் கல்லுல ஒட்டியிருக்கும், மீதி நம்ம நுரையீரலுக்குள்ள. இதுல மலைப்பக்கம் பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் புல்லெல்லாம் காய்ஞ்சு கிடக்கிற காலம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. அதுக்கப்புறமும் காட்டுக்குள்ள குப்பை கொளுத்துறவங்களை என்னத்த சொல்ல?

அடுத்த கோஷ்டி, "நாங்க குழி தோண்டிப் புதைச்சிடுவோம்ல" பார்ட்டி. சாம்பார் வாசனை அடிக்கிற கவரைப் புதைச்சா, நீங்க கிளம்பின அரை மணி நேரத்துல காட்டுப்பன்னி வந்து தோண்டி எடுக்கும். குழி தோண்டறதுக்கு நியாயமான காரணம் ஒண்ணே ஒண்ணுதான், காலைக்கடன். அதுக்கும் கணக்கு இருக்கு. ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளி, அரையடி ஆழம். மண்ணைப் போட்டு மூடிட்டு வந்துடலாம். வெட் வைப்ஸ் மட்டும் அந்தக் குழிக்குள்ள போகக்கூடாது. பேப்பர் மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் அது பிளாஸ்டிக் நூல்தான், மக்காது.

"வாழைப்பழத் தோல் மக்குற குப்பைதானே பாஸ்?" என்பார்கள். மக்கும்தான். ஆனா அது மக்குறதுக்குள்ள குரங்கு அதைத் தின்னு ருசி பார்த்துடும். அடுத்த வாரம் வர்ற ஆளோட பையைப் பிடுங்கும். அப்புறம் "அராஜகம் பண்ற குரங்கு"னு நாமே புகார் சொல்வோம். அந்தக் குரங்கைக் கெடுத்தது யாருன்னேன்!

இதுவரைக்கும் சொன்னதை ஒத்துக்கறவங்க நிறைய பேர் இருப்பீங்க. எனக்கு நிஜமாவே உறுத்துறது இனிமேதான். பொறுப்பா குப்பையெல்லாம் மூட்டை கட்டி இறக்கிக்கிட்டு வர்றோம். அடிவாரத்துல டீக்கடைக்குப் பக்கத்துல இருக்குற தொட்டியில தொப்புன்னு போட்டுட்டு, புண்ணியம் சேர்த்த திருப்தியோட பஸ் ஏறிடறோம். அந்தத் தொட்டி எங்க போகுதுன்னு யாராவது கேட்டிருக்கோமா? சின்ன ஊராட்சி. நாலு தெருக் குப்பையை அள்ளவே ஆள் பத்தாது. அள்ளினதைக் கொட்டுறதும் ஊருக்கு வெளியே, அதாவது மறுபடியும் காட்டோரம்.

2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை செத்தது. பிரேதப் பரிசோதனையில் வயித்துல பிளாஸ்டிக் குப்பை இருந்தது, கருவில் குட்டியும் இருந்தது. அந்தப் பக்கத்துக் குப்பைக்கிடங்குல யானைங்க மேயறதை நாம பேப்பர்ல படிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். அந்தக் குப்பை மலை உச்சியிலிருந்து வந்ததில்லை, ஊர்க் குப்பைதான். இருந்தாலும் அடிவாரத் தொட்டியில நாம போடுற கவர் போய்ச் சேர்ற இடமும் அந்த மாதிரி ஒரு கிடங்குதானே?

அதனால என் கட்சி இதுதான்: மலையிலிருந்து இறக்கினது பாதி வேலை. கோயமுத்தூரோ மதுரையோ சென்னையோ, உங்க வீடு வரைக்கும் அது உங்ககூட பஸ்ஸில் வரணும். நகரத்துலயும் குப்பைக் கிடங்கு லட்சணம் நமக்குத் தெரியும்தான். ஆனா அங்க யானை வராது. தரம் பிரிக்க ஆளாவது இருக்கும்.

"நாறுமேய்யா"னு ஒரு நண்பர் கேட்டார். கிளம்பும்போதே கவரையெல்லாம் வீட்டுலயே பிரிச்சுப் போட்டுட்டு, பண்டத்தை டப்பாவுல கொட்டிக்கிட்டுப் போனா நாறுறதுக்கு என்ன இருக்கு? நாங்க போகும்போது முதல் வேளைக்குப் புளியோதரை, அடுத்த வேளைக்கு சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். எவர்சில்வர் தூக்குல போகும், எவர்சில்வர் தூக்குல வரும். பொரிகடலை துணிப்பையில. அதையும் மீறிச் சேர்றதுக்கு பழைய பத்து கிலோ அரிசிப் பை ஒண்ணு. நாலு பேர் ரெண்டு நாள் தங்கினாலும் அதுல கால் பை நிறைஞ்சாலே அதிகம். வாய்ப்பக்கம் இறுக்கிக் கட்டி டென்ட் கம்பியோட சேர்த்துச் சுருட்டி வெச்சா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தமாட்டார். கருவாட்டுத் தொக்கு மட்டும் வேண்டாம் மக்கா, அதுக்கு நான் கியாரண்டி இல்லை!